ஒன்பதாம் நம்பர் கட்டை

என் கணவர் நந்தகுமார் ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு என்ன பூச்சு பூசுவது என்று பதினான்கு மாதம் யோசித்தார். பெட்டிகளைச் செய்ய ஆனதென்னவோ ஆறு வாரம்தான். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று பிடித்திருக்கிறது என்று சொல்ல அவருக்குக் காபி ஆறும் நேரம்கூட ஆகவில்லை. இதை அந்தப் பதினான்கு மாதத்தில் பலமுறை சொல்லிக்காட்டியிருக்கிறேன்.

"அது வேற, இது வேற" என்பார்.

எப்படி வேறு என்று கேட்டால் உப்புத்தாளைத் தேடப் போய்விடுவார்.

அவர் மின்சாரத் துறையில் இளநிலைப் பொறியாளர். நான் அரசுப் பள்ளியில் நூலகர். டெலானிபூர் மேட்டில் இரண்டாம் மாடியில் எங்கள் குவார்ட்டர்ஸ். மகள் அபி கல்லூரிக்குச் சென்னை போன ஆறாம் மாதம், ஒருநாள் பள்ளி முடிந்து வந்து பார்க்கிறேன், அவள் கட்டில் பலகை பலகையாகக் கழற்றிச் சுவரில் சாத்தியிருந்தது. நடுவில் இவர் திருப்புளியோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க இது?"

"அபி கட்டில்."

"அது தெரியுது. ஏன் இப்படிக் கிடக்கு?"

"ஸ்பீக்கர் பண்ணப் போறேன். இந்த மாதிரி பலகை இப்போ எங்க கிடைக்கும் சொல்லு. இருபது வருஷம் காஞ்ச படாக்."

"லீவுக்கு வந்தா அவ எங்க படுப்பா?"

"நல்ல ஸ்பீக்கர் இருக்கிற வீட்டுல பாயில படுத்தாலும் தூக்கம் வரும்."

அது எங்கள் கல்யாணத்துக்கு வாங்கிய கட்டில். அபி பெரியவளானதும் அவள் அறைக்குப் போனது. இந்தத் தீவுகளில் கட்டில், மேசை, வாசற்கதவு எல்லாமே படாக் மரம்தான். அதைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசுவதில்லை. எங்கள் கட்டில் எனக்கு நினைவு தெரிந்து காபித் தூள் நிறத்தில் இருந்தது. அன்று மாலை அவர் ஒரு பலகையை இழைத்துவிட்டு அடுக்களையில் இருந்த என்னைக் கூப்பிட்டார். மாவுக் கையோடு போனேன். பழுப்புத் தோலுக்கு அடியில் பலகை ரத்தச் சிவப்பாக இருந்தது.

"பாத்தியா?"

"பீட்ரூட் மாதிரி இருக்கு."

"இருபது வருஷமா இது மேலதான் படுத்திருக்கோம். உள்ள இப்படி ஒரு நிறம் இருந்திருக்கு. நமக்குத் தெரியல பாரு."

அங்கேதான் வந்தது வினை. அந்தச் சிவப்பு அப்படியே நிற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது.

படாக்கின் சிவப்பு நிற்காது. வெளிச்சம் பட்டால் மெல்ல மெல்லப் பழுப்பாகிவிடும். இங்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். அவர் ராமநாதபுரத்துக்காரர், வேலைக்காக வந்தவர். இருபத்தைந்து வருடம் ஆகியும் மெயின்லாண்டு புத்தி போகவில்லை. மேட்டுச் சரிவில் பட்டறை வைத்திருந்த பாலிஷ்காரர் ராக்கப்பன் தன் இந்தி கலந்த தமிழில் அவருக்குப் பொறுமையாகவே எடுத்துச் சொன்னார்.

"சார், நான் பாலிஷ் போட்ட கட்டிலெல்லாம் கல்யாணத்தன்னிக்குச் சிவப்பு. மூத்த புள்ள நடக்கறப்போ காப்பி கலர். பஸ், அவ்ளோதான் அதோட ஆயுசு."

"எதைப் போட்டாலுமா?"

"எதைப் போட்டாலும்."

"எத்தனை விதம் போட்டுப் பாத்திருக்கீங்க?"

"நாலு."

"நாலை வெச்சு முடிவு பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் தூள். பெட்டிகளை இழைக்கும்போதும் தேய்க்கும்போதும் பறந்த சிவப்புத் தூள் கொடியில் காய்ந்த துணிகளில் படிந்தது, புத்தக அலமாரியில் படிந்தது, என் மூக்கில் படிந்தது. தண்ணீர் வரும் நாளாகப் பார்த்து உப்புத்தாளை எடுப்பார். துவைக்கலாம் என்று நான் வாளியை வைத்தால் அவர் தேய்க்க ஆரம்பிப்பார். ஒருநாள் இட்லித் துணியில் தூள் விழுந்து இட்லி ரோஜா நிறத்தில் வெந்தது. எடுத்துக் காட்டினேன்.

"இந்த நிறம் போகாம இருக்கு பாத்தியா? ஆவியில வெந்தும் போகல" என்று அதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு தின்றுவிட்டார்.

கட்டிலின் கால்களை உள்ளங்கை அளவு துண்டுகளாக அறுத்து இருபத்துமூன்று மாதிரிக் கட்டைகள் செய்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூச்சு. பின்புறத்தில் நம்பர், பூச்சின் பெயர், எத்தனை கை பூசியது, தேதி. முன்புறத்தில் பாதிக்குக் கறுப்பு டேப் ஒட்டி மூடியிருப்பார். மூடிய பாதியையும் வெயில் பட்ட பாதியையும் பிறகு ஒப்பிட வேண்டுமாம். வீட்டில் எத்தனை ஜன்னல் உண்டோ அத்தனை ஜன்னல் திண்டுகளிலும் இந்தக் கட்டைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஜன்னல் துடைக்க வேண்டுமென்றால் அவற்றை எடுத்து, துடைத்து, அதே வரிசையில் திரும்ப வைக்க வேண்டும். ஒருமுறை ஆறையும் ஏழையும் மாற்றி வைத்துவிட்டேன். இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரெஞ்சு பாலிஷ் பூசிய கட்டைகள் மழைக்காலம் வந்ததும் வெள்ளையாகப் பூத்துப் போயின. மெலமின் பூசியவை என் பள்ளித் தலைமையாசிரியர் மேசைபோலப் பளபளத்தன. பி.யு. என்று ஒன்று. தீப்பிடிக்கும் சரக்கு, விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டும். அந்தக் கப்பல் இரண்டு முறை தள்ளிப்போனது. இவர் துறைமுகத்துக்குப் போன் போட்டு, நோயாளிக்கு மருந்து வருவதைப்போல விசாரித்துக்கொண்டிருந்தார். ஒரு லிட்டர் டின். அது வந்து, பூசி, காய்ந்து, வெயிலில் வைத்து, மூன்று மாதத்தில் மற்ற கட்டைகளோடு சேர்ந்து அதுவும் பழுப்பாயிற்று. கொஞ்சம் மெதுவாக ஆயிற்று என்றார்.

சாயங்காலம் ஆனால் இதுதான்.

"உமா, இங்க வா. இது எப்படி?"

"நல்லாருக்கு."

"முன்னாடி காட்டினதையும் நல்லாருக்குன்ன."

"அதுவும் நல்லாருக்கு."

"ரெண்டும் எப்படி நல்லாருக்க முடியும்? ஒண்ணு மினுக்கும், ஒண்ணு மினுக்காது."

"உங்களுக்கு எது பிடிக்குதோ அதைப் பூசுங்க. நீங்கதானே பாட்டுக் கேக்கப் போறீங்க."

"கேக்கறது நான். தினம் பாக்கறது நீ. கூடத்துல நிக்கப் போற சாமான். நீ சொல்லாம பூச மாட்டேன்."

"எதுவா இருந்தா என்னங்க."

"அது பதில் இல்ல."

அவர் சொன்ன சொல்லில் நின்றார். நான் சொல்லாமல் அவர் பூசவில்லை. நான் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் ஒன்பதாம் நம்பர் கட்டை காணாமல் போயிற்று. ஒரு வாரம் தேடினார். கட்டிலுக்கு அடியில் தேடினார், அரிசி டிரம்மில் கைவிட்டுப் பார்த்தார், என் கைப்பையைக்கூடத் திறந்து பார்த்தார்.

"நீ பாத்தியா?"

"உங்க கட்டையை எண்ணிக்கிட்டு இருக்கறதுதான் எனக்கு வேலையா? இன்னொண்ணு பண்ணிக்கோங்க."

"பண்ணலாம். அது பட்ட வெயில் இதுக்குப் படாதே. நூத்திப் பதினோரு நாள் பின்தங்கிடும்."

அந்த விடுமுறைக்கு வந்த அபி பாயில் படுத்துக்கொண்டு மூன்று நாள் இதையெல்லாம் கேட்டாள். நாலாம் நாள், "அம்மா, நீ ஏதாவது ஒரு நம்பர் சொல்லிடேன், வீடு அமைதியாயிடும்" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் அதற்குள் எனக்கும் ஒரு பிடிவாதம் வந்துவிட்டிருந்தது. வீட்டுக்குத் திரைச்சீலை வாங்கியபோது என்னைக் கேட்டாரா? டெலானிபூர் வேண்டாம், ஏற்றம் ஏற முடியாது என்றேனே, கேட்டாரா? இந்தப் பெட்டிக்கு மட்டும் நான் வாய் திறக்க வேண்டுமாம்.

பெட்டிகளின் சிவப்பு மங்கக் கூடாதென்று இரண்டையும் கருநீலப் போர்வைகளால் மூடி வைத்தார். கூடத்தில், பால்கனிக் கதவுக்கு இரு பக்கமும், இடுப்பளவு உயரத்தில் முக்காடு போட்ட இரண்டு உருவங்கள். எதிர்வீட்டு ஜெயலட்சுமி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஊருக்குப் போறீங்களா, சாமானெல்லாம் கட்டி வெச்சிருக்கு" என்று கேட்டார்.

காலையில் மட்டும் போர்வையின் முன்பக்கத்தை உயர்த்திச் செருகிவிட்டு வானொலி வைப்பார். பாட்டு அல்ல. கப்பல் அறிவிப்பு. எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு எந்தத் தீவுக்குக் கிளம்பும் என்று இந்தியில் வாசிப்பார்களே, அது. தெரிந்த மனிதக் குரல்தான் ஸ்பீக்கருக்குச் சரியான பரீட்சை என்பார். அந்தப் பெட்டிகளில் அறிவிப்பாளர் காகிதத்தைத் திருப்புவது கேட்டது. எண்ணைப் படிக்கும் முன் அந்த அம்மாள் சின்னதாக மூச்சு வாங்குவது கேட்டது. அடுக்களையில் இருந்தபடி நான் கவனித்திருக்கிறேன். அவரிடம் சொன்னதில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி பூச்சு பற்றியதாக இருக்கும்.

மறு ஜனவரியில் அவரை மூன்று மாதத்துக்குப் பாராடாங் தீவின் பவர் ஹவுஸுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தவர் நீண்ட விடுப்பில் போயிருந்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை வருவார். காட்டு வழியில் வண்டிகளைக் கூட்டமாகச் சேர்த்து அனுப்பும் கான்வாய்க்குக் காத்திருந்து, படகில் ஏறி இறங்கி, முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து சேருவார். சாப்பிட்டுப் படுத்தால் ஞாயிறு மதியம் கிளம்ப வேண்டும். போர்வையைத் தொட அவருக்கு நேரமில்லை.

அவர் போன முதல் ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டு போர்வைகளையும் உருவி மடித்து வைத்தேன். இடப்பக்கப் பெட்டியின் மேல், நான் பின்னிய குரோஷா துணியை விரித்தேன். வெள்ளை நூலில் சுற்றிலும் எட்டுப் பூ. அதன் மேல் ஒரு பித்தளைப் பூச்சாடி. வீடு ஒருவழியாக வீடுபோல இருந்தது. அவர் வரும் சனிக்கிழமைகளில் மாலை நாலு மணிக்குச் சாடியையும் துணியையும் எடுத்துவிட்டுப் போர்வைகளைப் போட்டுவிடுவேன். திரும்ப ஞாயிறு மதியம் அவர் தலை மறைந்ததும் உருவிவிடுவேன். துணியை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், விளிம்புக்கு விளிம்பு சரியாக வைப்பேன். எனக்குக் கோணலாக இருந்தால் பிடிக்காது.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். வெளிச்சம் பட்டால் என்ன ஆகும் என்று தெரியும். ஆகட்டுமே, அத்தோடு இந்தத் தொல்லை முடியும் என்றுகூட நினைத்தேன். துணிக்கு அடியில் என்ன ஆகும் என்பதைத்தான் யோசிக்கவில்லை.

ஏப்ரலில் ஒரு வாரம் சேர்ந்தாற்போல விடுப்பு எடுத்து வந்தவர், முதல் வேலையாகப் போர்வைகளை இழுத்தார். நான் அடுக்களை வாசலில் நின்றேன்.

வலப்பக்கப் பெட்டி மேலெல்லாம் ஒரே பழுப்பு. இடப்பக்கப் பெட்டியும் பழுப்பு. மேல் பலகையில் மட்டும் என் குரோஷா துணி அச்சாக இருந்தது. நூல் மறைத்த இடமெல்லாம் சிவப்பு, இழைகளுக்கு நடுவே வெளிச்சம் புகுந்த இடமெல்லாம் பழுப்பு. இதழ், நடுவட்டம், விளிம்பில் நான் போட்ட சின்னச் சின்ன வளைவுகள், ஒன்றுகூடத் தப்பவில்லை. நடுவில் சாடி இருந்த இடம் ஒரு முழுச் சிவப்பு வட்டம்.

"இது என்ன?"

"துணி போட்டிருந்தேன்."

"போர்வை?"

"எடுத்திருந்தேன்."

"எப்போலேருந்து?"

"நீங்க போனதுலேருந்து."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் திருப்பிக் கத்த எனக்கு ஒரு வருடச் சரக்கு இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். "எட்டு" என்றார். பிறகு நிமிர்ந்தார்.

"சரி. சிவப்பு போச்சு. இனிமே அந்தக் கவலை இல்ல. இப்பவாவது சொல்லு உமா, என்ன பூசலாம்?"

சண்டைக்குத் தயாராக நின்றவளிடம் மறுபடியும் அதே கேள்வி. எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"எதையாவது பூசித் தொலைங்க."

அவர் போர்வைகளைத் திரும்பப் போட்டு மூடினார். அந்த வாரம் முழுக்கப் பெட்டிகளைப் பற்றிப் பேசவில்லை. நானும் அப்பாடா என்றுதான் இருந்தேன். பொறுப்பை ஒப்படைத்துவிட்டு மாதக் கடைசியில் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் பாராடாங் போனார். அங்கே ஒரு செவ்வாய்க்கிழமை காலை நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவரை ஏற்றிய வண்டி படகுத்துறைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது.

ஓராண்டுக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பதினோராம் மாதம் மின்னி பேயில் ஒரு வாடகை வீடு கிடைத்தது. தரைத்தளம், எதிரே சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் கடல். சாமான்களைப் பார்க்க வந்த ராக்கப்பன் போர்வைகளை விலக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"டீச்சர், இதைப் பூச்சு இல்லாம அங்க கொண்டு போகாதீங்க. கடல் காத்து. ஒரு மழைக்காலத்துல மூலையெல்லாம் வாயைப் பொளந்துடும். சார் உசுரைக் கொடுத்துப் பண்ண மூலை இது."

"என்ன பூசலாம்?"

"நீங்க சொல்லுங்க. எல்லாம் சலேகா, எதுன்னாலும் சரிதான்."

வீடு மாற இன்னும் பத்து நாள் இருந்தது. அவருடன் வேலை பார்த்த சுதாகரைக் கேட்டேன். பெட்டிக்குள் ஒயர் வேலைக்கெல்லாம் துணைக்கு வந்தவர், என்னை அண்ணி என்பவர். "பியானோ கறுப்பு அண்ணி. கண்ணாடி மாதிரி இருக்கும், முகம் பாக்கலாம். மேல இருக்கிற அந்தப் பூ டிசைனும் மறைஞ்சிடும்" என்றார். முகம் பார்க்க என்னிடம் கண்ணாடி இருக்கிறது. அபி தொலைபேசியில் வால்நட் நிறத்தில் நாலு படம் அனுப்பினாள். வெளிநாட்டு வீடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பூனை. ராக்கப்பன், மேல் பலகையை அரை மில்லி தேய்த்தெடுத்தால் ஏக்தம் புதுசாகச் சிவப்பு வந்துவிடும், அதன்மேல் மெலமின் அடித்துவிடலாம் என்றார்.

பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்த கட்டைகளை எடுத்தேன். அவருக்குப் பிடித்தது எதுவென்று ஒரு குறிப்பாவது இருக்கும் என்று நினைத்தேன். ஒரு டிக், ஒரு கோடு. இருபத்திரண்டு கட்டைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நம்பர், பெயர், கை, தேதி. நம்பர், பெயர், கை, தேதி. ஒரு வருடத்துக்கு மேல் என் உயிரை எடுத்தவர், தன் விருப்பத்தை ஒரு இடத்திலும் எழுதி வைக்கவில்லை. எரிச்சலாக வந்தது. செத்தவர் மேல் எரிச்சல்படக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் இருபத்திரண்டு கட்டைகளோடு தனியாக உட்கார்ந்ததில்லை.

கட்டைகளை ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்தேன். காலை வெளிச்சத்தில் நாலு நன்றாக இருந்தது. மாலையில் அந்த நாலும் சரியில்லை, வேறு மூன்று நன்றாக இருந்தது. மழை மேகம் வந்தால் எல்லாமே மாறியது. ஜெயலட்சுமியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ரெண்டுமே நல்லாருக்கு டீச்சர்."

"ரெண்டும் எப்படி நல்லாருக்க முடியும்? ஒண்ணு மினுக்குது, ஒண்ணு மினுக்கல."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விட்டார்.

அன்று அபிக்கு மூன்றாவது முறை போன் செய்தேன். பதினான்காம் நம்பரையும் பதினெட்டையும் கேமராவில் காட்டினேன். இரண்டையும் ஜன்னல் பக்கம் ஒருமுறை, விளக்கடியில் ஒருமுறை.

"அம்மா, எனக்கு நாளைக்குப் பரீட்சை."

"ஒரு நிமிஷம். எது?"

"எதுவா இருந்தா என்னம்மா."

"அது பதில் இல்ல அபி."

"ஐயோ. எதையாவது பூசித் தொலையேம்மா."

இரண்டு கட்டைகளையும் ஜன்னல் திண்டில் அவற்றின் இடத்தில் திரும்ப வைத்தேன். அவள் "அம்மா? லைன் இருக்கா?" என்றாள். "இருக்கு. படி" என்று வைத்துவிட்டேன். அவள் மேல் தப்பில்லை. அந்தச் சொல்லை அவள் எங்கும் போய்க் கற்கவில்லை, என் மகள். அது காதில் விழுகிறபோது எப்படி இருக்கும் என்பதுதான் அதுவரை எனக்குத் தெரியாமல் இருந்தது.

மறுநாள் அடுக்களைச் சாமான்களைக் கட்டினேன். அந்த அடுக்களை ஜன்னலுக்குக் கொக்கி கிடையாது. கடல் காற்று வந்து கதவை அறையும் என்று இடுக்கில் ஒரு ஆப்பு செருகி வைத்திருந்தேன். தினமும் காலையில் செருகுவேன், இரவு உருவுவேன். முதலில் ஒரு தேங்காய் ஓட்டை வைத்துப் பார்த்தேன், பிறகு மடித்த அட்டை, பிறகு கையில் அகப்பட்ட ஒரு கட்டை. அது சரியாக இருந்தது, அப்படியே நிலைத்துவிட்டது. கடைசியாக ஜன்னலைச் சாத்திவிட்டு ஆப்பை எங்கே போடலாம் என்று திருப்பினேன். புகையும் எண்ணெயும் ஏறிய பின்புறத்தில் அவர் கையெழுத்து.

9. லின்சீட் ஆயில். 3 கை. மேலே தேன்மெழுகு.

ஒரு வாரம் அரிசி டிரம்மில் தேடினாரே, அது. தினம் காலையில் பல் தேய்த்துக்கொண்டே அந்த ஜன்னல் வழியாகத்தான் வானத்தைப் பார்ப்பார். கண்ணுக்கு எதிரே இருந்திருக்கிறது. எனக்கும் எதிரே இருந்திருக்கிறது. இதை எந்தத் திண்டிலிருந்து, எப்போது எடுத்தேன் என்பது இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

ஈரத் துணியால் துடைத்தேன். இரண்டு வருட ஆவியும் மஞ்சள் தூளும் தாளிப்பும் வழித்தெடுத்தாற்போல வந்தன. உரியவில்லை, பூக்கவில்லை, பிசுபிசுக்கவில்லை. என் விரல் பிடித்த ஓரம் மட்டும் கொஞ்சம் மழமழப்பாகியிருந்தது. மற்ற இருபத்திரண்டையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். அவையெல்லாம் மரத்துக்குக் கண்ணாடி போட்டவை. தொட்டால் விரலுக்கும் மரத்துக்கும் நடுவே என்னவோ இருந்தது. இது வெறும் மரமாக இருந்தது. இதைப் பற்றி அவர் கேட்டிருந்தால் நல்லாருக்கு என்று சொல்லியிருப்பேன், மற்றதையெல்லாம் சொன்னதைப்போலவே. ஆனால் தினம் இரண்டு வேளை இதைத்தான் எடுத்திருக்கிறேன்.

பட்டறைக்குக் கொண்டு போய் ராக்கப்பனிடம் கொடுத்தேன்.

"இதுவா? இது பூசினா பூசினதே தெரியாது டீச்சர். காசு வாங்க எனக்கே வெக்கமா இருக்கும்."

"கடல் காத்து தாங்குமா?"

"வருஷம் ரெண்டு தடவை எண்ணெய் தேய்க்கணும். கைக்குழந்தைக்குத் தேய்க்கற மாதிரி. தேய்ச்சா தாங்கும். தேய்ப்பீங்களா?"

"தேய்ப்பேன்."

"டீக் ஹை. நாளைக்கு மெஷின் கொண்டு வரேன். மேல் பலகையை முதல்ல தேய்ச்சு அந்தக் கறையை எடுத்துடலாம்."

"அதை எடுக்க வேண்டாம்."

காது குடைந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "எந்தக் கறையைச் சொல்றேன்னு தெரியுதா? அந்தப் பூப்பூவா இருக்கே, அது."

"அதுதான்."

"ஒரு பொட்டியில இருக்கு, ஒரு பொட்டியில இல்ல. ஜோடின்னா ஒண்ணாட்டம் இருக்கணும். சார் இருந்திருந்தா ஒத்துக்குவாரா?"

"சார் என்னைத்தான் சொல்லச் சொன்னார்."

"எண்ணெய் பட்டா இன்னும் எடுப்பாத் தெரியும்."

"தெரியட்டும்."

"தெரிஞ்சும் புண்ணியமில்ல டீச்சர். வெளிச்சத்துல வெச்சா ஒரு வருஷம், ஒன்றரை வருஷம், அதுவும் பழுப்பாகி மத்ததோட கலந்துடும். அதுக்கு நான் இப்பவே எடுத்துடறேங்கறேன்."

"போகறப்போ அதுவா போகட்டும், ராக்கப்பன். மெஷின் கொண்டு வராதீங்க. எண்ணெயும் துணியும் போதும்."

முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார். முதல் கை எண்ணெய் பட்டதும் எட்டுப் பூவும் அப்போதுதான் பின்னி முடித்ததுபோல எழுந்து நின்றன. "அச்சா" என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டு, உடனே, "இருந்தாலும் ஜோடின்னா ஜோடிதான்" என்றார்.

மின்னி பே வீட்டில் சுதாகர் வந்து ஒயர்களை இணைத்துக் கொடுத்தார். பெட்டிகளை ஜன்னலுக்கு இரு பக்கமும் வைத்தோம். போர்வை இல்லை. காலைக் கப்பல் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் மூச்சு வாங்கி, காகிதத்தைத் திருப்பி, ஹேவ்லாக் கப்பல் நேரத்தைச் சொன்னார். நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சுதாகரிடம் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே நான் கொடுத்த டீத் தம்ளரை இடப்பக்கப் பெட்டியின் மேல் வைத்தார்.

"தம்ளரை எடுங்க."

"சூடு இல்ல அண்ணி, ஆறிடுச்சு."

"ஆறினாலும் எடுங்க. அது மேல எதையும் வெக்கக் கூடாது. வட்டம் விழும்."

"நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று தம்ளரை எடுத்துக்கொண்டார். மேலே குனிந்து பார்த்தார். "இதென்ன, முன்னாடியே நடுவுல ஒரு வட்டம் இருக்கே?"

"அது நான் வெச்சது" என்றேன். "நீங்க டீயைக் குடிங்க."